பார்ட் டூல எங்க நைனா செத்த சீன்

சாவு சீன் எடுத்து முடிச்சா, செத்தவரா நடிச்சவரை உடனே சிரிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்துடணும். சினிமாக்காரங்க வழக்கம் அது. கழுத்துல மாலையும் நெத்தியில ஒத்த ரூபாயுமா படுத்துக் கெடந்த மனுசன் அப்படியே எழுந்து வூட்டுக்குப் போனா, எது நடிப்பு எது நெசம்னு எமனுக்குக் குழம்பிடுமாம். அதனால கட் சொன்ன கையோட, "சார், கொஞ்சம் சிரிங்க"ன்னுவாங்க. அவரு பல்லக் காட்டுவாரு. ஒரு கிளிக். அப்பால ஒரு பூசணிக்காய ஒடைச்சுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. இத யாரும் எனக்குச் சொல்லல. முகத்துவாரக்குப்பத்துல, நாங்க வலை காயப் போடுற மணல்லயே என் கண்ணால பாத்தேன். பார்ட் ஒன்னு எடுக்க வந்தப்ப வில்லன அங்கதான் சுட்டுப் போட்டாங்க. செத்துப் போனவரு செவப்புச் சாயம் சொட்டச் சொட்ட எழுந்து ஈன்னு இளிச்சாரு. பக்கத்துல நின்ன எங்கம்மா அந்த வழக்கத்த முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கினா.

படத்தோட பேரு வாணாம். சொன்னா நாளைக்கே ரெண்டு கோஷ்டி என் வூட்டு வாசல்ல வந்து நிக்கும். நின்ன வரைக்கும் போதும்.

பார்ட் ஒன்னுல எங்க நைனாவும் நடிச்சாரு. நடிச்சாருன்னா வசனம் கிடையாது. ஜெயில்லேருந்து வந்த ஹீரோ பசியோட கரையில குந்திக்கினு இருப்பான். போட்டுலேருந்து எறங்குற ஒரு பெரியவரு கூடையில கைய வுட்டு நல்ல வஞ்சிரமா ஒன்னு எடுத்து அவன் மடியில போட்டுட்டு, ஒன்னும் கேக்காம சிரிச்சுட்டுப் போவாரு. அவ்ளோதான். முன்பல்லு ஒன்னு இல்லாத சிரிப்பு. அந்தப் பல்லு போனது இஞ்சின் கயித்த இழுத்தப்ப பிடி நழுவி அவரு கையே அவரு வாயில அடிச்சதால. வாழ்க்கையில அவரு வாங்கின ஒரே குத்து அது, அதுவும் தன் கையால.

அந்தச் சிரிப்பு பிச்சுக்கினு போச்சு. எண்ணூர்லேருந்து ராயபுரம் வரைக்கும் எந்த டீக்கடையில நின்னாலும் எவனாவது வந்து, "பெரியவரே, ஒரு தபா சிரி"ன்னுவான். இவரும் சிரிப்பாரு. செல்போன்ல அவரு மூஞ்ச வெச்சு காலை வணக்கம் அனுப்பினாங்க. நான் மணலியில ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல உக்காந்து வேல பாக்குறவ. எனக்கே எங்க மேனேஜரு எங்க நைனா சிரிப்ப அனுப்பினாரு, அது எங்க நைனான்னு தெரியாமலே.

எல்லாரையும் விட குதிச்சது எங்க அண்ணன். அவன் காசிமேட்டுல ஐஸ் லோடு ஏத்துறவன், ஆனா அது சும்மா சைடு வேல. மெயின் வேல அந்த ஹீரோவோட ரசிகர் மன்றத்துல ஏரியா செயலாளர். நைனாவ ஹீரோ கட்டிப் புடிச்சுக்கினு நிக்கிற போட்டோவ செல்லுல, பைக்குல, கதவுலன்னு கண்ட எடத்துலயும் ஒட்டி வெச்சான். எங்க நைனாவுக்குப் பொறந்ததுக்காக அவன் சந்தோஷப்பட்டத நான் மொத மொதல்ல பாத்தது அப்பதான்.

பார்ட் டூ எடுக்கப் போறோம்னு வந்தாங்க. வரும்போதே வண்டி ரெண்டு மடங்கு. கேரவனு குப்பத்துக்குள்ள நொழைய முடியாம ரோட்டுலயே நின்னுச்சு. பார்ட் ஒன்னு எடுத்தப்ப டைரக்டரு எங்க வூட்டுக் கருவாட்டுக் கொழம்ப ஊத்தித் துன்னுட்டு வெரல சப்பினாரு. இந்தத் தபா மூக்குல கர்ச்சீப்பு. அப்பவே எனக்கு வெளங்கிடுச்சு, இது தேறாது. மொதல்ல ஜெயிச்சவன் ரெண்டாவதுல எதனால ஜெயிச்சோம்னு மறந்துட்டு வருவான் பாரு, அந்த மாதிரி.

அசிஸ்டென்ட் பையன் ஒருத்தன் வந்து நைனாகிட்ட கதை சொன்னான். "ஐயா, நீங்க செத்துடுறீங்க. உங்க சாவப் பாத்துதான் ஹீரோவுக்கு வெறி ஏறுது. உங்க சாவுதான் இன்டர்வெல்."

நைனாவுக்கு ஒரே பெரும. பாக்குறவன்கிட்டல்லாம், "என் சாவுதான் இன்டர்வெலாம்"னு சொல்லிக்கினு திரிஞ்சாரு.

அம்மா மட்டும் அந்தப் பையன வழி மறிச்சா. "இன்டர்வெல்லோ இன்னா எழவோ. முடிஞ்சதும் எம் புருசன சிரிக்க வெச்சு போட்டோ புடிக்கணும். பெரிய நடிகனுக்கு மட்டுந்தான் எமன் வருவானா?"

"கண்டிப்பாம்மா"ன்னான் அவன். கண்டிப்பான்னு சொல்றவன் எவன் செஞ்சிருக்கான்?

ஷூட்டிங் அன்னிக்கு நைனாவ எங்க மணல்லயே பாடையில படுக்க வெச்சாங்க. தாடைய சேத்து வாய்க்கட்டு, கால் கட்டை வெரல் ரெண்டையும் சேத்து ஒரு கட்டு. ஒப்பாரி வெக்க எங்க குப்பத்துப் பொம்பளைங்களையே புடிச்சிருந்தாங்க. எங்க அத்த, நைனாவோட சொந்தத் தங்கச்சி, மாரடிச்சுக்கினு அழுதா பாரு, யூனிட்டே நின்னு வேடிக்க பாத்துச்சு. அம்மா கிட்ட வரல. தூரத்துல ஒரு போட்டுக்குப் பின்னாடி நின்னுக்கினு தாலிய கையில புடிச்சிருந்தா.

ஹீரோ நைனா நெஞ்சுல வுழுந்து அழுவணும். வசனம் முடிஞ்சதும் கட். நைனாவுக்கு வசனத்தோட கடைசி வார்த்த தெரியும், ரிகர்சல்ல கேட்டுட்டாரு. ஆனா அன்னிக்கு ஹீரோவுக்கு அழுவ வந்துடுச்சு. வசனம் முடிஞ்சும் அவரு நிறுத்தல. டைரக்டரும் சொக்கிப் போயி கட் சொல்லாம வுட்டுட்டாரு. கண்ண மூடிக்கினு கெடந்த நைனாவுக்கு அது எப்படித் தெரியும்? வெளிச்சம் வேற எறங்கிக்கினு இருந்துச்சு. வசனம் முடிஞ்சுது, இனிமே எல்லாரும் லைட்டத் தூக்கிக்கினு ஓடுவாங்க, ஒரு கெழவன சிரிக்க வெக்க எவனுக்கு ஞாபகம் இருக்கும்னு நெனச்சாரு. நாமளே சிரிச்சுடுவோம், பொண்டாட்டி கேட்டது அதானே.

சிரிச்சுட்டாரு. வாய்க்கட்டு போட்ட வாயால எவ்ளோ முடியுமோ அவ்ளோ. மானிட்டர் முன்னாடி நின்ன அத்தினி பேரும் ஹீரோ மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தாங்க. அப்பால கட் சொன்னாங்க, கை தட்டினாங்க, ஹீரோவுக்குக் கொடை புடிச்சாங்க, கெளம்பினாங்க. போட்டோவும் இல்ல, பூசணிக்காயும் இல்ல. அம்மா வண்டி பின்னாடி ஓடினா. நைனா கால் கட்ட அவுத்துக்கினே கூப்பிட்டு, "வுடு, நானே சிரிச்சுட்டேன்"னாரு.

படத்த எடிட் பண்ணவன் தூங்கிட்டானா, இல்ல ரிலீஸ் அவசரத்துல ஹீரோ மூஞ்சிய மட்டும் பாத்தானா, தெரியாது. அந்தச் சிரிப்பு படத்துல அப்படியே வந்துடுச்சு.

மொத நாள் மொத ஷோ. திருவொத்தியூர் தேட்டரு வாசல்ல மேளம், பட்டாசு, கட் அவுட்டுக்குப் பாலு. அண்ணன் வெச்ச பேனர்ல ஹீரோ ஆகாசத்துக்கும் பூமிக்கும் நிக்கிறான். கீழ மூலையில நைனா மூஞ்சி, "எங்க குப்பத்து மண்ணின் மைந்தன்"னு எழுதி. நைனா வெள்ள வேட்டி சட்டையில, எண்ணெ வெச்சு சீவின தலையோட, அந்தப் பேனரு கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கினே இருந்தாரு.

படத்தப் பத்தி நான் சொல்றேன். குப்ப. பார்ட் ஒன்னுல மீன் நாத்தம் அடிச்சுது, இதுல சென்ட் நாத்தம். ஹீரோ வெளிநாட்டுப் பாலத்துல காரு ஓட்டுறான். திரும்பி குப்பத்துக்கு வந்தா எங்க பாஷைய எங்களுக்கே பேசிக் காட்டுறான், ஒரு மூச்சுல மூணு கஸ்மாலம். எங்க ஆளு எவன்டா இப்படிப் பேசுறான்? தேட்டரு நெளிய ஆரம்பிச்சுது. விசிலடிக்க வந்தவன்லாம் செல்ல நோண்டினான். எல்லாரும் எதனா ஒரு சாக்குக்குக் காத்துக்கினு இருந்தாங்க.

அப்பதான் நைனா செத்தாரு. ஸ்க்ரீன் முழுக்க ஹீரோ அழுவுறான், வயலினு அழுவுது. மூலையில எங்க நைனாவோட வாயி மெல்ல விரியுது.

பின்னாலேருந்து ஒருத்தன் சொன்னான், "டேய், பொணம் சிரிக்குதுடா."

அவ்ளோதான். கூர பிச்சுக்கினு போச்சு. "பெரியவரே எழுந்துரு, டீ ஆறிடும்"னு ஒருத்தன். "பாதி சம்பளந்தான் குடுத்தானா"ன்னு ஒருத்தன். ஹீரோ எவ்ளோ அழுவுறானோ அவ்ளோ சிரிச்சாங்க. இதுல கொடும இன்னான்னா, என் பக்கத்துல குந்திக்கினு இருந்த நைனாவும் அவங்களோட சேந்து சிரிச்சாரு. அவரு சிரிப்பு ஜனங்களுக்கு மறுபடியும் புடிச்சுப் போச்சுன்னு நெனச்சாரு பாவி மனுசன். அம்மா தொடைய தட்டி, "பாத்தியா, பாத்தியா"ன்னாரு. முன்சீட்டுக்காரன் திரும்பி இவரப் பாத்து, ஸ்க்ரீனப் பாத்து, "மச்சி, பொணம் இங்கதான்டா கீது"ன்னதும்தான் அவருக்கு ஒறைச்சுது. வாய கையால மூடிக்கினாரு. படம் முடியிற வரைக்கும் கைய எடுக்கல.

வெளிய வந்தா மைக்கு. யூடியூப்காரனுங்க வரிசையா நிக்கிறானுங்க. மொக்க, மரண மொக்கன்னு ஒரு கூட்டம் கத்துது. இன்னொரு கூட்டம் கேட்டீங்கன்னா இன்னும் மேல. "ப்ரோ, அந்தச் சிரிப்புல குறிப்பு கீது ப்ரோ. பெரியவரு சாவல. பார்ட் த்ரீல அவருதான் மெயின் வில்லன்." ரெண்டு கூட்டமும் ஒருத்தன் சட்டைய ஒருத்தன் புடிக்கப் போச்சு. நடுவுல அந்தப் பெரியவரு பொண்டாட்டி செருப்பத் தேடிக்கினு நிக்கிறாரு.

ஒருத்தன் அண்ணன் மூஞ்சியில மைக்க நீட்டினான். "நீங்க மன்றத்து ஆளுதானே? அந்தப் பெரியவரு உங்க ஏரியான்னு சொல்றாங்களே, அவரு யாரு?"

அண்ணன் நைனாவப் பாத்தான். பாத்துட்டுத்தான் சொன்னான், அத நான் எங்க வேணா சத்தியம் பண்ணுவேன்.

"யாருன்னே தெரியாது ப்ரோ. எவனோ ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். தலைவர் படத்தக் கெடுக்க எதிர் கோஷ்டி செட் பண்ணி அனுப்பின ஆளு."

நான் கேட்டேன். அம்மா கேட்டா. நைனா எங்களுக்கு முன்னாடி நின்னுக்கினு இருந்தாரு, அவரும் கேட்டாரு. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு ஷேர் ஆட்டோ நிக்கிற எடத்துக்கு நடந்தாரு. மேல பேனர்ல மண்ணின் மைந்தன் சிரிச்சுக்கினே இருந்தாரு, சாயங்காலம் அண்ணன் வந்து பிளேடால அந்த மூலைய அறுத்து எடுக்குற வரைக்கும்.

வூட்டுக்கு வந்ததும் அம்மா சோத்துத் தட்ட அவன் முன்னாடி வெக்கல, போட்டா. "பெத்தவர யாருன்னே தெரியாதா?"

"மன்றத்துல என் மூஞ்சி இன்னாவுறது?"

"அந்த மூஞ்சியே அவரு போட்டதுதான்டா."

அண்ணன் கைய வெச்ச சோத்த வுட்டுட்டு எழுந்து போனான். நைனா முழுசா சாப்பிட்டாரு. கொழம்புல உப்பு கம்மின்னாரு. எனக்கு அழுகையா வந்துச்சு, கூடவே ஒரு வெறியும். அந்த மைக்க வாங்கி அண்ணன் மண்டையில ஒரே போடா போட்டிருக்கணும்னு இன்னிக்கும் தோணுது.

ஊரு வாய மூட ஒல மூடி இல்ல. நைனா சிரிப்பு நாடு பூரா போச்சு, இந்தத் தபா காலை வணக்கமா இல்ல. தோத்த அரசியல்வாதி மூஞ்சிக்குக் கீழ, பெயிலான மார்க்குக்குக் கீழ, எவன் சாவுக்கோ கீழ. அப்பால ஆளுங்க தேடிக்கினு குப்பத்துக்கே வர ஆரம்பிச்சாங்க. ஹீரோவோட ஆளுங்க திட்ட வந்தானுங்க. எதிர் ஹீரோவோட ஆளுங்க மாலை போட வந்தானுங்க. மாலை போட்டவனுங்கதான் மோசம். "படுங்க பெரியவரே, அதே மாதிரி படுத்து சிரிங்க"ன்னு எங்க வாசல்லயே அவர படுக்கச் சொல்லி வீடியோ எடுக்கப் பாத்தானுங்க. அம்மா மீன் அரியிற அருவாமனையோட வெளிய வந்தப்புறம்தான் ஓடினானுங்க.

நைனாவுக்கு மட்டும் யாரும் கெட்டவன் கிடையாது. வந்தவன் திட்ட வந்தானா கொஞ்ச வந்தானான்னு பாக்க மாட்டாரு. பிளாஸ்டிக் சேருல குந்திக்கினு, "நீ யாருப்பா? எந்த ஏரியா?"ன்னு கேப்பாரு. அப்பால உள்ள திரும்பி என்கிட்ட, "டீ குடுத்து அனுப்பு"ன்னுவாரு. வூடு தேடி வந்தவன வெறும் வாயோட அனுப்புனா கடலு மீனு குடுக்காதுன்றது அவரு கணக்கு. கண்டவன் வாய் வெச்ச டம்ளர நான் கழுவ மாட்டேன்னு அம்மா பேப்பர் கப்பா வாங்கி அடுக்கிட்டா. திட்டினவனும் மாலை போட்டவனும் ஒரே பேப்பர் கப்புல டீ குடிச்சுட்டுப் போனான்.

கடலும் ரொம்ப நாளு குடுக்கல. அந்த மாசம் மீன்பாடு கொறைஞ்சுது. எண்ணூர் ஆத்துல சாம்பலும் எண்ணெயும் வந்து கலக்குறது எல்லாருக்கும் தெரியும், மீனு எதனால வரலன்னு கேட்டா சின்னப் புள்ள சொல்லும். ஆனா கம்பெனிய வையிறத விட கெழவன வையிறது சுளுவாச்சே. "பாடையில படுத்து சிரிச்ச ஆள ஏத்திக்கினு போனா கடலம்மா எப்படிக் குடுப்பா?"ன்னு கரையில பேச்சு கெளம்புச்சு. நைனாவோட அத்தினி வருசமும் ஒன்னா கடலுக்குப் போன தோஸ்துதான் வந்து சொன்னாரு, "கொஞ்ச நாளைக்கு நீ வூட்டாண்டயே இருப்பா. பசங்க பயப்படுறானுங்க." நைனா சரின்னாரு. அந்தாளுக்கும் டீ குடுக்கச் சொன்னாரு. எங்க வூட்டு டம்ளர்லதான் குடுத்தேன், இப்ப நெனச்சா அதுவே தப்பு.

இப்படி இருக்க, அண்ணன் ஒரு நாள் மூஞ்சி மலர வந்தான். படம் தேட்டர்ல சுருண்டுடுச்சு, ஓடிடியில போடறதுக்கு முன்னாடி அந்த ஒரு ஷாட்ட மட்டும் திருப்பி எடுக்கப் போறாங்களாம். ஹீரோவோட மேனேஜரே அண்ணனுக்கு போன் பண்ணாராம். "நைனா, ஒரு அர நாளு. நீ சும்மா படுத்தா போதும். எம் மானம் உன் கையிலதான் கீது."

யாருன்னே தெரியாத ஆளோட கையில இவன் மானம் எப்படி வந்துச்சுன்னு நான் கேட்டேன். அண்ணன் என்ன மொறைச்சான். நைனா என்கிட்ட, "சட்டைய இஸ்திரி போட்டு வையி"ன்னாரு. மவன் கேட்டுட்டானே. அதுக்கு மேல அவருக்குக் காரணம் வாணாம்.

கெளம்பும்போது அம்மா சொன்னா, "கட் சொன்னதும் சிரிச்சுடு."

அண்ணன் நடுவுல பூந்தான். "கட்டும் வாணாம் ஒன்னும் வாணாம். அங்க எவனாவது செல்லுல எடுத்து வுட்டான்னா மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிப்பானுங்க. திரும்பி வூட்டுக்கு வர்ற வரைக்கும் சிரிக்கவே கூடாது. சத்தியம் பண்ணு."

நைனா அவன் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணாரு.

நானும் கூட போனேன். மாத்தூர் பக்கம் ஒரு பழைய குடோனு. தரையில நாலு மூட்ட மணலக் கொட்டிப் பரப்பியிருந்தாங்க, பின்னாடி பச்சத் துணி. ஹீரோ வரல. அவரு எதுக்கு வருவாரு? பொணத்தோட மூஞ்சி மட்டுந்தானே வேணும். டைரக்டரு கூட ஏதோ போன்ல குந்திக்கினு இருந்தாரு. மேக்கப்காரன் மாலை போட்டான், ரூபாய ஒட்டினான், வாய்க்கட்டு கட்டினான். கேமராக்காரன் பாத்துட்டு, "ஒதடு லேசா ஆடுது"ன்னான். ஆடாம? அறுவது வயசு மனுசன் ஒதடு. மேக்கப்காரன் பைக்குள்ள தேடி மீச ஒட்டுற பசைய எடுத்தான். எங்க நைனாவோட ரெண்டு கடவாயிலயும் அந்தப் பசைய வெச்சு வெரலால அழுத்திப் புடிச்சான்.

நான் அண்ணனப் பாத்தேன். அவன் பசை காயுதான்னு குனிஞ்சு பாத்துக்கினு இருந்தான்.

ஷாட்டு நல்லா வந்துச்சாம். கட் சொன்னாங்க. நைனா எழுந்து குந்தினாரு. எனக்கு அம்மா ஞாபகம் வந்துச்சு. "நைனா, கொஞ்சம் சிரி"ன்னேன். என் பக்கம் திரும்பவே இல்ல. அண்ணனையே பாத்தாரு. அண்ணன் தலைய ஆட்டினான், வாணாம்னு. நைனா மாலையக் கழட்டி மணல்ல வெச்சுட்டு எழுந்து நின்னாரு. சிரிக்கச் சொல்லியும் எங்க நைனா சிரிக்காம நான் பாத்தது அதுதான் மொத தபா. அதோட முடிஞ்சுடும்னு நெனச்சேன்.

பசைய அவனுங்க சரியா எடுக்கல. வூட்டுல அம்மா தேங்கா எண்ணெய வெச்சு ஊற வெச்சு எடுத்தா. கடவாயில தோலு கொஞ்சம் உரிஞ்சு வந்துச்சு. அண்ணன் மன்றத்துப் பசங்களுக்கு பிரியாணி வாங்கிக் குடுக்கப் போயிட்டான். "இப்ப சிரிய்யா, வூட்டுக்குத்தான் வந்துட்டியே"ன்னு அம்மா கெஞ்சுனா. "காயட்டும்"னாரு. காயம் ஆறிடுச்சு. அவரு சிரிக்கல. சாப்பிட்டாரு, தூங்குனாரு, பேசுனாரு, சிரிக்க மட்டும் இல்ல. அம்மா வாராவாரம் எலுமிச்ச பழம் சுத்திப் போட்டா. அந்த மனுசனுக்கு ஒடம்புக்கு ஒன்னும் வரல. ஜொரம் கூட வரல. எமன் வந்திருந்தா கூட ஒரு நாளு அழுதுட்டு வுட்டிருப்போம்.

படம் ஓடிடியில வந்துச்சு, சிரிப்பு இல்லாம. இப்ப ஜனம் இன்னா சொல்லணும்? நல்லாயிருக்குன்னுதானே? வுடுவாங்களா. "ஜீவனே போச்சு"ன்னு எழுதுனானுங்க. பொணம் சிரிக்குதுன்னு கத்தினவனேதான். அந்தச் சிரிப்புலதான் மொத்தக் கதையும் இருந்துச்சாம், சாவையே பாத்துச் சிரிக்கிற ஏழையோட சிரிப்பாம். சிரிப்பத் திருப்பிக் குடுன்னு ஒரு கோஷ்டி, குடுக்காதன்னு ஒரு கோஷ்டி. கடைசியில ஏதோ மேடையில ஹீரோவே எழுந்து, அந்தச் சிரிப்பு நானும் டைரக்டரும் சேந்து யோசிச்சு வெச்சது, உங்களுக்குப் புரியலயேன்னு வருத்தப்பட்டாராம். அவரு அன்னிக்கு எங்க நைனா நெஞ்சுல கவுந்து கெடந்தாரு, மூஞ்சியே பாக்கல.

அடுத்த ஞாயித்துக் கெழம மதியம் அண்ணன் வந்தான். பைக்குலேருந்து புது பேனரு சுருட்டி எட்டிப் பாக்குது. கையில செல்லு, அதுல ஒரு வட்ட லைட்ட மாட்டியிருந்தான். நைனா வாசல்ல பிளாஸ்டிக் சேருல குந்திக்கினு, போவாத கடலுக்கு வலை முடிஞ்சுக்கினு இருந்தாரு.

"நைனா, தலைமை மன்றத்துலேருந்தே கேக்குறாங்க. ஒரே ஒரு தபா சிரி. இவருதான் எங்க நைனான்னு நானே பேசிப் போடுறேன். உலகமே பாக்கும்."

நைனா வலையக் கீழ வெச்சாரு. லைட்டு அவரு மூஞ்சியில அடிச்சுது. கடவாயில ரெண்டு பக்கமும் வெளுத்த தழும்பு தெரிஞ்சுது. அண்ணன் செல்லத் தூக்கிப் புடிச்சுக்கினு காத்துக்கினு இருந்தான். எல்லாரையும் பாக்குற மாதிரிதான் நைனா அவன நிதானமா, மேலருந்து கீழ வரைக்கும் பாத்தாரு.

"நீ யாருப்பா? எந்த ஏரியா?"

அண்ணன் மொதல்ல சிரிச்சான். தமாசுன்னு நெனச்சான். "நைனா, விளையாடாத, ஓடிக்கினு கீது"ன்னான். நைனா மூஞ்சி அசையல. கோவமும் இல்ல. தெரியாதவங்கள பாக்குற மரியாதையோட பாத்துக்கினு இருந்தாரு. அண்ணன் கை லேசா எறங்குச்சு. "நைனா"ன்னான் மறுபடியும், இந்தத் தபா மெதுவா. நைனா உள்ள திரும்பினாரு.

"யாரோ வந்திருக்காங்க பாரு. டீ குடுத்து அனுப்பு."

அடுப்படியில அம்மா என்னப் பாத்தா. டீய சூடு பண்ணா. அலமாரியில எங்க நாலு பேரோட பேரும் வெட்டின எவர்சில்வர் டம்ளருங்க வரிசையா இருந்துச்சு, அண்ணனோடது ரெண்டாவது. அதத் தாண்டி கைய நீட்டி பேப்பர் கப்பு ஒன்ன உருவி, டீய ஊத்தி, வெளிய கொண்டாந்து அவன் கையில குடுத்தேன்.